பாடும் சுடரின் இரகசியத்தைக் கண்ட ராலே பிரபு

கண்ணாடிக் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கீழ்ப்பாதியில் ஒரு கம்பி வலையைப் பொருத்தி, வலை சிவக்கும்வரை சூடேற்றிவிட்டு நெருப்பை அகற்றினால், அந்தக் குழாய் தானாகவே பாடத் தொடங்கும். ஹாலந்து நாட்டு ரைக்கே என்ற பேராசிரியர் இதை 1859ஆம் ஆண்டில் கண்டார். குழாய்க்குள் எரியும் ஹைட்ரஜன் சுடர் பாடுவதை அதற்கு முன்பே, 1777இல், கண்டிருந்தார்கள். கேட்டவர்கள் வியந்தார்கள்; ஆனால் குழாய் ஏன் பாடுகிறது என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல ஒருவர் பிறக்க வேண்டியிருந்தது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற பாடத்தில் மேல்வகுப்புத் தோழியர் அவருடைய பெயரைப் படித்திருப்பீர்கள். அவர்தாம் ராலே பிரபு.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்பது அவரது இயற்பெயர். 1842 நவம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில், நிலபுலம் மிகுந்த ஒரு பிரபுவின் மகனாகப் பிறந்தார். செல்வம் இருந்தது, உடல்நலம் இல்லை. பெரிய பள்ளிகளில் சேர்த்தும் நோயினால் நிலைத்துப் படிக்க முடியவில்லை. ஆயினும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1865இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். 1871இல் எவ்லின் பால்ஃபர் என்ற மங்கையை மணந்தார்.

மறு ஆண்டே வாதக் காய்ச்சல் அவரை வீழ்த்தியது. பிழைப்பாரா என்றே வீட்டார் அஞ்சினர். குளிர்காலத்தை வெப்பமான நாட்டில் கழிப்பது நல்லது என்று மனைவியுடன் எகிப்துக்குப் புறப்பட்டார். நைல் நதியில் மெல்ல நகர்ந்த படகில், பெரிய நூலகம் எதுவும் அருகில் இல்லாத நிலையில், ஒலியைப் பற்றிய தம் நூலை எழுதத் தொடங்கினார். அது 1877, 1878ஆம் ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. நோயாளி ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய நூல் என்று எவரும் சொல்ல முடியாது, அவ்வளவு ஆழமானது. ஒலியியல் கற்போர் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

பாடும் குழாயின் விடையையும் அவர் 1878ஆம் ஆண்டிலேயே தந்தார். அதைப் புரிந்துகொள்ள ஊஞ்சலை நினைத்தால் போதும். ஊஞ்சல் பின்னே வந்து திரும்பும் வேளையில் தள்ளினால் ஆட்டம் வளரும். எதிரே வரும்போது தள்ளினால் நின்றுவிடும். குழாயில் உள்ள காற்றும் அப்படியே நெருங்கியும் விரிந்தும் ஆடுகிறது. காற்று மிக நெருங்கியிருக்கும் கணத்தில் வெப்பம் சேர்ந்தால் அதிர்வு வளரும். மிக விரிந்திருக்கும் கணத்தில் சேர்ந்தால் தளரும். வெப்பத்தின் அளவு மட்டுமன்று, அது வந்து சேரும் வேளையும் முக்கியம் என்பதே அவர் கண்டது. இதை ராலே விதி என்கிறார்கள்.

1879இல் மாக்ஸ்வெல் மறைந்தபின், கேம்பிரிட்ஜின் காவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியராக அமர்ந்தார். நம் போன்ற பெண்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1882இல் அங்குள்ள வகுப்புகளை மாணவர்க்கும் மாணவியர்க்கும் சமமாகத் திறந்துவிட்டவர் அவரே. அவருடைய மனைவியின் அக்காள் எலினார் சிட்ஜ்விக் அம்மையார் அவருடன் நின்று மின்தடை அளவான ஓமைத் துல்லியமாக அளந்தார். கட்டுரைகளிலும் இருவர் பெயரும் சேர்ந்தே வந்தன. பிற்காலத்தில் அம்மையார் நியூன்ஹாம் மகளிர் கல்லூரியின் தலைவியானார். அதே கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கியது 1948இல்தான்!

காற்றில் ஒளிந்திருந்த ஆர்கான் வாயுவை ராம்சேயுடன் சேர்ந்து கண்டதற்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார். 1919 ஜூன் 30ஆம் நாள் டெர்லிங் என்ற ஊரில் தம் இல்லத்தில் காலமானார்.

ஜெட் இயந்திரத்தை அவர் கண்டதில்லை. விட்டில் என்ற ஆங்கிலேயர் தம் முதல் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது 1937இல். விமானத்திலும் மின்நிலையத்திலும் ஓடும் வாயு டர்பைனில் காற்றை இறுக்கி, எரிபொருளைக் கலந்து, எரி அறையில் கொளுத்துகிறார்கள். அந்த அறையும் ஒரு குழாய்தானே! சுடரின் வெப்பம் அழுத்தத்தோடு ஒத்துச் சேர்ந்தால் அதுவும் பாடும். ஆனால் அந்தப் பாட்டு கேட்க இனியதன்று. நொடிக்கு நூறு முறைக்கு மேல் அழுத்தம் ஏறி இறங்கி, உலோகச் சுவர் விரிசல் காணும். உடைந்த துண்டு சுழலும் தகடுகளில் போய் விழுந்தால் இயந்திரமே பாழ். சந்திரனுக்கு மனிதரை அனுப்பிய ராக்கெட்டின் எஃப்-1 இயந்திரம் ஒன்று இத்தகைய அதிர்வினால் 1962இல் சோதனை மேடையிலேயே அழிந்தது. பொறியியலார் ஓடும் இயந்திரத்தினுள் சிறு வெடிகளை வெடித்து, வேண்டுமென்றே அதிர்வை எழுப்பி, அது தானாக அடங்கும் வடிவத்தைத் தேடிப் பிடித்தார்கள்.

மின்நிலைய டர்பைன்களில் தொல்லை பிறகு அதிகமானது. நச்சுப் புகையைக் குறைக்க எரிபொருளை மிகுதியான காற்றுடன் முன்கூட்டியே கலந்து எரிக்கும் முறை வந்தது. புகை குறைந்தது; ஆனால் அந்த மெல்லிய சுடர் சிறு அசைவுக்கும் துள்ளுகிறது. எனவே இயந்திரத்தைக் கட்டுமுன்பே கணக்கிடுகிறார்கள். எரிபொருள் துளையிலிருந்து சுடரை அடைய எவ்வளவு நேரமாகும், அந்த நேரம் அறையின் சுருதியோடு ஒத்துப்போகிறதா, வளரும் அதிர்வு கசிந்துபோகும் அதிர்வைவிட மிகுதியா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போனால் துளையின் இடத்தை மாற்றுவார்கள். அல்லது குறிப்பிட்ட சுருதியை விழுங்கும் சிறு குடுவை போன்ற அறைகளைச் சுவரில் பொருத்துவார்கள்.

கணக்கு எப்போதும் பலிப்பதில்லை. பல சுடர்கள் வளையமாக நிற்கும் அறையில் அதிர்வு வட்டமாகவும் சுற்றி ஓடும். ஆகவே ஒரு சுடரை மட்டும் தனியே வைத்துச் சோதிக்கும்போது அமைதியாக இருந்தது, முழு வளையத்தில் பாடத் தொடங்கிவிடுவதுண்டு. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் டர்பைன்களின் எரி அறைகளிலும் அழுத்தத்தைக் கவனிக்கும் கருவிகளைப் பொருத்தி வைக்கிறார்கள்.