பரேல் டாக்டரும் ஒரு வேரும்

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறினால் தாதருக்கு அடுத்தது பரேல். அங்குள்ள கேஇஎம் மருத்துவமனையில் வேலை பார்த்தவர் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். 1911-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர். பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரை, ரத்த அழுத்தம் உள்ள 50 பேருக்குக் கொடுத்து அளந்து பார்த்தார். 1949-ல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் முடிவை எழுதினார். வெறும் 50 பேரா என்று இன்னைக்குக் கேட்போம். அன்று அதுவே போதுமானதாக இருந்தது.

1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தார்கள். ஆனால் மருந்து சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்துபோனார்கள். அப்போ இது மூளையிலும் ஏதோ பண்ணுது! 1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார், அசையாமல் முடங்கின. எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடின. டோபமைன் தீர்ந்துபோனதுதான் விஷயம். அது போய் ஒட்டும் ரிசெப்டர்களை எலி மூளையில் தேடி வரைபடம் போடும் வேலை பின்னர் வந்தது.

அதே 1957-ல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது, ரத்த அழுத்தத்துக்காக.