முதுகின் ரகசியத்தைக் கண்டவர்!

கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குகிறவர் ஒவ்வொரு படிக்கும் குனிந்து காலைப் பார்ப்பதில்லை. தன் முதுகைப் பார்க்க யாராலும் முடியாது. ஆனாலும் முதுகு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிகிறது!

எப்படித் தெரிகிறது? இதற்கு விடை கண்டவர் சர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேயர்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

ஷெரிங்டன் 1857-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி லண்டனில் பிறந்தார். இப்ஸ்விச் நகரில், காலேப் ரோஸ் என்ற டாக்டரின் வீட்டில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். ரக்பி ஆட்டத்திலும் கெட்டிக்காரர்.

1885-ம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் காலரா பரவியது. பலர் பயந்து ஓடிய நேரத்தில், ஷெரிங்டன் அங்கே போய் நோயை ஆராய்ந்தார். பிறகு அவர் மனம் நரம்புகளின் பக்கம் திரும்பியது.

போவதும் வருவதும்

தசைக்குப் போகும் நரம்பு, மூளையின் கட்டளையைக் கொண்டு போவதற்கு மட்டுமே என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். அது தவறு என்று 1894-ம் ஆண்டு ஷெரிங்டன் காட்டினார். அந்த நரம்பு இழைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை, தசையிலிருந்து செய்தி கொண்டு வருபவை!

தசைக்குள்ளே நூல் நூற்கும் கதிர் போன்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. தசை நீண்டால் அவையும் நீளும். உடனே தண்டுவடத்துக்குச் செய்தி பறக்கும். 1906-ல் வெளிவந்த தம் நூலில் இந்த உணர்வுக்கு அவர் தனிப் பெயரே சூட்டினார். உடல் தன்னைத் தானே உணர்வது என்பது அதன் பொருள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடுங்கள். விரல் வழி தவறாது!

தொழிலாளியான பேராசிரியர்

முதல் உலகப் போர் நடந்த 1915-ம் ஆண்டு. ஷெரிங்டனுக்கு வயது 57. ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். மனிதன் எப்படிக் களைத்துப் போகிறான் என்று அறிய, பர்மிங்காமில் குண்டு செய்யும் தொழிற்சாலையில் தொழிலாளியாகச் சேர்ந்தார். நாள் முழுவதும் உழைத்தார்!

1932-ம் ஆண்டு, எட்கர் ஏட்ரியன் என்பவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

முதுகுவலிக்காரர்களுக்கு

அவர் காட்டிய வழியில் பிற்காலத்து டாக்டர்கள் முதுகுவலியை ஆராய்ந்தார்கள். கண்ணைக் கட்டி, உடலை வளைக்கச் சொல்லி, மீண்டும் பழைய நிலைக்கே வரச் சொன்னார்கள். வலி இல்லாதவர்கள் ஏறக்குறைய அதே இடத்துக்கு வந்தார்கள். வலி உள்ளவர்கள் அதிகம் தவறியதாகப் பல சோதனைகள் கூறின. வேறு சில சோதனைகளில் இரு சாராருக்கும் வித்தியாசம் இல்லை. வலியால் உணர்வு மங்குகிறதா, உணர்வு மங்கியதால் வலி வருகிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

முதுமையில் ஷெரிங்டனை மூட்டு வாதம் வாட்டியது. உடலின் உணர்வைக் கண்டவரின் உடல் அவருக்கே அடங்க மறுத்தது! அறிவு மட்டும் கடைசி வரை மங்கவில்லை. 1952-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி, தமது 94-வது வயதில் மறைந்தார்.

சுமை தூக்கும் கூலிக்கும், நாற்று நடும் பெண்ணுக்கும் முதுகுதான் முதல். அந்த முதுகு பேசும் மொழியை உலகுக்குச் சொன்னவர் ஷெரிங்டன்.