தேன்கூடு கட்டிய மேபாக்



ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று மலர்க்குழுவில் கேட்டார்கள். எடிசன், ராமன், விஸ்வேஸ்வரய்யா எல்லோரையும் நமக்கு முந்திய செட் எழுதி முடித்துவிட்டது. நான் எழுதப்போகிறவர் வில்ஹெல்ம் மேபாக். அவர் பெயரை வெளிநாட்டுச் சொகுசுக் காரின் பெயராகப் பலரும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவர் அறிமுகமானது பெரியப்பாவின் அம்பாசிடரில், அதுவும் ரயில்வே கேட்டில் கார் கொதித்து நின்ற அன்று.

பெரியப்பாவின் கார் பழைய மார்க் டூ. அதன் பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்துப் பற்றவைத்து, ஒரிஜினல் எது ஈயம் எது என்றே தெரியாமல் போயிருந்தது. போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு மாதிரி உப்பு கட்டிவிட்டது. நான் ஆட்டோமொபைல் கடைசி வருஷம் அல்லவா? லீவில் போனவன் சும்மா இருக்காமல், இதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளிமார்க்கெட்டில் கிடைக்கும் புது அலுமினிய ரேடியேட்டரை மாட்டலாம் என்று யோசனை சொன்னேன். பெரியப்பாவுக்குச் சம்மதமே இல்லை. கம்பெனியில் வந்த சாமானைக் கழற்றினால் அது என் வண்டியே இல்லை என்றார். பெரியம்மா சிபாரிசு செய்து, ஒருவழியாக ஒத்துக்கொண்டார்.

புது ரேடியேட்டர் பழையதைவிட ஒரு விரற்கடை தடிமன் கூடுதல். எஞ்சின் ஃபேன் அதில் உரசும் போலிருந்தது. ஃபேனைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தோம். வயரிங் வேலை என்னுடையது. பைபாஸில் எழுபதில் போனபோது டெம்பரேச்சர் முள் அசையவில்லை. எனக்கு ஒரே பெருமை! ஆனால் கேட் போட்டு ஐந்து நிமிஷம் நின்றதும் முள் ஏறியது, ஆவி வந்தது, பின்னால் நின்ற பஸ்காரன் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தான். பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கூலிங் சிஸ்டம் பாடத்தைப் புரட்டியபோதுதான் இந்த மேபாக் மாட்டினார்.

1846 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தச்சர். அம்மா 1854-இல் இறந்தார், அப்பா 1856-இல். பத்து வயதில் அநாதை. ராய்ட்லிங்கன் ஊரில் குஸ்டாவ் வெர்னர் என்ற பாதிரியார் நடத்திய இல்லம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இயந்திரப் பட்டறையும் உண்டு. பையனுக்கு வரைவதில் கை நன்றாக ஓடுகிறது என்று கண்டு டிராயிங் பிரிவில் போட்டார்கள். பகலில் பட்டறை, மிச்ச நேரத்தில் கணக்கும் பௌதிகமும். ஆக, நம்ம கேஸ்தான்! பல்கலைக்கழகப் படி ஏறாதவர், டிராயிங் போர்டில் வளர்ந்தவர்.

அந்தப் பட்டறைக்கு நிர்வாகியாக வந்தவர் காட்லீப் டெய்ம்லர். பையனை அடையாளம் கண்டுகொண்டார். அதன்பிறகு டெய்ம்லர் எங்கே போனாலும் மேபாக்கும் கூடவே போனார். 1869-இல் கார்ல்ஸ்ரூவே, பிறகு டாய்ட்ஸில் ஓட்டோவின் கேஸ் எஞ்சின் தொழிற்சாலை. நாம் முதல் வருஷத்திலேயே மனப்பாடம் பண்ணும் ஓட்டோ சைக்கிள் எஞ்சின் 1876-இல் உருவானபோது அங்கே டிசைன் பிரிவுக்குத் தலைவர் மேபாக். 1882-இல் இருவரும் கான்ஷ்டாட் வந்து, டெய்ம்லர் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் ரகசியமாக வேலை செய்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரியெல்லாம் உள்ளே தட்டும் சத்தம் கேட்டதால், கள்ளப்பணம் அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரர் போலீசில் சொல்லிவிட்டாராம். போலீஸ் வந்து பார்த்தால் எஞ்சின் சாமான்கள்தான் கிடந்தன. 1885-இல் மரச்சட்டத்தில் எஞ்சின் வைத்த முதல் மோட்டார் சைக்கிள், 1886-இல் குதிரை இல்லாத வண்டி என்று அந்தக் குடிலிலிருந்து வந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அதை விட்டுவிட்டு என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் விஷயம் சூடு. எஞ்சினில் எரியும் எரிபொருளில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி சூடாக வெளியே போயாக வேண்டும். ஆரம்ப காலத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு ஆவியாகப் போக்குவதுதான் வழி. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் கணவர் செய்த வண்டியை ஓட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் போனார் அல்லவா, அந்த அம்மா வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போனார். மேபாக் 1889-இல் பாரிஸ் பொருட்காட்சிக்குச் செய்த இரும்புச் சக்கர வண்டியில், சேஸிஸ் குழாய்க்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டார். வண்டியின் எலும்பே ரேடியேட்டர்! சின்ன எஞ்சினுக்கு அது போதும். குதிரைத்திறன் ஏற ஏற அது போதவில்லை.

நடுவில் 1890-இல் டெய்ம்லர் கம்பெனி ஆரம்பமானது. முதல் போட்டவர்கள் மேபாக்குக்குக் கொடுத்த நிபந்தனைகள் சரியில்லை. 1891-இல் வெளியே வந்துவிட்டார். கான்ஷ்டாட்டில் ஒரு ஓட்டல் தோட்டக் கூடத்தில் இருந்து வேலை செய்தார். அங்கேதான் 1893-இல் பெட்ரோலைத் தூவும் ஜெட் கார்பரேட்டர் வந்தது. 1895-இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

1897-இல் குழாய் ரேடியேட்டர் செய்தார். நிறைய சின்ன உருளைக் குழாய்கள். நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, குழாய்க்குள்ளே போவது காற்று, வெளியே சுற்றி நிற்பது தண்ணீர். வேலை செய்தது. ஆனால் வட்டக் குழாய்களை அடுக்கினால் நடுவில் முக்கோணச் சந்து விழும். அந்தச் சந்தெல்லாம் தண்ணீர், வீண் எடை.

1900 மார்ச்சில் இரண்டு சாவு. 6-ஆம் தேதி டெய்ம்லர் இறந்தார். அதே மாதக் கடைசியில் பிரான்சில் நீஸ் – லா டுர்பி மலைப்பாதைப் பந்தயத்தில் டெய்ம்லர் காரை ஓட்டிய வில்ஹெல்ம் பவர் விபத்தில் இறந்துபோனார். வண்டி குட்டை, உயரம் ஜாஸ்தி, எடை ஜாஸ்தி. எமில் எல்லினெக் என்ற வியாபாரி, நீளமான, தாழ்ந்த, எடை குறைந்த கார் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 36 காருக்கு 5,50,000 மார்க் ஆர்டர். ஐம்பத்துநாலு வயதில், தன்னை வளர்த்தவர் போய்விட்ட நிலையில், மேபாக் தனியாக டிராயிங் போர்டின் முன் உட்கார்ந்தார்.

அந்தக் காருக்குத்தான் தேன்கூடு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070! முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்தார். சதுரமானதால் சந்து சீராக, மெல்லிசாக விழுந்தது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மி.மீ. சதுரக் குழாய் ஒன்றின் சுற்றளவு 240 மி.மீ. அதே பரப்பில் 6 மி.மீ. குழாய் நூறு அடங்கும், சுற்றளவு மொத்தம் 2,400 மி.மீ. பத்து மடங்கு! காற்றுப் போக அதே இடம், சூடு விடப் பத்து மடங்கு பரப்பு. 35 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 9 லிட்டர் தண்ணீர் போதும் என்றானது. முன்பு தேவைப்பட்டதில் இது பாதி. பாதித் தண்ணீர் என்றால் எடை குறைவு, முன்பக்கம் அடக்கம், கார் தாழ்வு. இன்னொன்றும் செய்தார்: ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன். மெதுவாகப் போகும்போது காற்று தானாக வராது அல்லவா?

இந்த வரியில்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஓடும்போது சரி, நின்றால் கொதிக்கிறது என்றால் கோளாறு ரேடியேட்டரில் இல்லை, ஃபேனில்!

விடிந்ததும் பானெட்டைத் திறந்தேன். பெரியப்பா கேட்காமலே வந்து நின்றார். ஃபேனைப் போட்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து கிரில்லுக்கு முன்னால் பிடித்தார். துண்டு உள்ளே இழுபட வேண்டும். அதுவோ அவர் முகத்திலேயே போய் விழுந்தது! சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். டி.சி. மோட்டார், திசை மாறிச் சுற்றி, எஞ்சின் ரூம் சூட்டையே ரேடியேட்டர் வழியாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. டி.சி. மெஷின்ஸ் வைவாவில் முழு மார்க் வாங்கினவன் நான்! வயரை மாற்றி, அரை மணி நேரம் நிற்கவைத்து ஓட்டினோம். முள் நடுவிலேயே நின்றது.

மேபாக்கை விட்ட இடத்துக்கு வருகிறேன். முதல் கார் 1900 டிசம்பரில் எல்லினெக் கைக்குப் போனது. 1901 மார்ச்சில் நீஸில் எதிரே வந்தவர்களையெல்லாம் தோற்கடித்தது. பவர் இறந்த அதே லா டுர்பி மலைப்பாதையிலும் அதுவே ஜெயித்தது. பிரெஞ்சுக்காரர்கள் மேபாக்கை டிசைனர்களின் ராஜா என்று கொண்டாடினார்கள். ஆனால் காருக்கு வைத்த பெயர் எல்லினெக்கின் மகள் பெயர், மெர்சிடிஸ். வரைந்தவர் பெயர் வரைபடத்தோடு நின்றது. டெய்ம்லர் இல்லாத கம்பெனியில் அவரை மெல்ல ஒதுக்கினார்கள். 1907-இல் வெளியேறினார். 1909-இல் செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்கு எஞ்சின் செய்யும் கம்பெனி அமைத்து, அதை மகன் கார்ல் கையில் கொடுத்தார். மேபாக் என்ற பெயரில் கார் வந்தது 1921-இல், மகன் காலத்தில்தான். 1916-இல் ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அப்போது எழுபது வயது. 1929 டிசம்பர் 29 அன்று இறந்தார். கான்ஷ்டாட்டில் டெய்ம்லர் கல்லறை இருக்கும் அதே இடுகாட்டில்தான் அடக்கம்.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். தேன்கூடு ரேடியேட்டரைக் கண்டுபிடித்தவரே சேஸிஸ் குழாயைத் தூக்கிவிட்டு வட்டக் குழாய் வைத்தார், அதையும் தூக்கிவிட்டுச் சதுரக் குழாய் வைத்தார், நாம் மாற்றினால் மட்டும் குற்றமா என்று வாதாடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அலுமினியம் ஒழுகினால் நம்ம ஊரில் யார் பற்றவைப்பார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நியாயம்தான். பித்தளையைப் பற்றவைக்க நம்ம பஸ் ஸ்டாண்டு பின்னால் ஆள் உண்டு, அலுமினியத்துக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். போர் தண்ணீரும் ஆகாது, கூலன்ட் வாங்கித்தான் ஊற்ற வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

பழைய ரேடியேட்டரை அவர் எடைக்குப் போடவில்லை. சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகைப் பரணில் வைத்திருக்கிறார். நம் லேபுக்கு அதைக் குறுக்கே வெட்டி கட்-செக்ஷன் செய்யலாமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். பெரியப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.