போர்வை தந்த குரு

போர்க்களம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவன துப்பாக்கியும் பீரங்கியும் குருதியுமே. ஆனால் அங்கே ஆயுதம் ஏந்தாத ஒருவரும் உண்டு. அவரே படைவீரர்களின் ஆன்ம குரு.

குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் போர்வையைப் பாதியாக வெட்டிக் கொடுத்த போர்வீரர் புனித மார்ட்டினை நாம் அறிவோம். அப்போர்வையைப் பிராங்கிய அரசர்கள் போருக்குச் செல்லும்போது உடன் கொண்டு சென்றனர். அதைக் காத்துவந்த குருக்களுக்கு, போர்வையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. படைக்குருக்களை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல்லும் அதிலிருந்து பிறந்ததே. அம்மரபில் வந்த அருட்தந்தை எமில் கபானின் வாழ்வை இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பில்சன் என்னும் சிற்றூரின் அருகே, 1916ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் பொகீமிய வழிவந்த எளிய உழவர்கள். பண்ணை வீட்டில் வளர்ந்த சிறுவனுக்குக் கைவேலை இயல்பாகவே வந்தது. 1940இல் குருப்பட்டம் பெற்றார். 1944இல் படைக்குருவானார். 1945, 46ஆம் ஆண்டுகளில் பர்மாவிலும் நம் பாரத நாட்டிலும் வீரர்களிடையே பணிபுரிந்தார்.

1950இல் கொரியப் போர் மூண்டது. ஜூலை மாதமே அடிகளார் அங்குச் சென்றார். ஜீப் வண்டியின் முன்பகுதியே அவருக்குப் பீடமாயிற்று. ஜீப்பை இழந்தபோது ஒரு பழைய சைக்கிளில் ஏறிக் களமெங்கும் சென்றார்.

அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள், சகல புனிதர் திருநாள் இரவு. உன்சான் என்னுமிடத்தில் சீனப் படைகள் அவருடைய பிரிவைச் சூழ்ந்துகொண்டன. நடக்க முடிந்தவர்கள் தப்பிச் செல்லலாம் எனக் கட்டளை வந்தது. அடிகளாரும் சென்றிருக்கலாம். ஆனால் காயமுற்றவர்களை யார் பார்ப்பது? அவர்களோடு தங்கிச் சிறைப்பட்டார். கணுக்கால் முறிந்து கிடந்த ஹெர்பர்ட் மில்லர் என்னும் வீரரை எதிரி ஒருவன் சுடக் குறிபார்த்தான். அடிகளார் நேரே நடந்து சென்று துப்பாக்கியை ஒதுக்கித் தள்ளி, மில்லரைத் தூக்கிக்கொண்டார். நெடுந்தொலைவு அவரைச் சுமந்தும் தாங்கியும் நடந்தார்.

யாலு நதிக்கரையில் பியோக்டோங் சிறைமுகாம். கடுங்குளிர், கொடும்பசி, கைதிகள் நாள்தோறும் மடிந்தனர். அங்கே அடிகளார் என்ன செய்தார்? கூரைத் தகரத்தைத் தட்டிப் பாத்திரமாக்கித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வயிற்றுக்கடுப்பால் நலிந்தோரின் அழுக்குத் துணிகளைத் துவைத்தார். பேன் எடுத்துவிட்டார். இரவில், சிலுவையில் ஆண்டவரோடு தொங்கிய நல்ல கள்ளனை வேண்டிக்கொண்டு, காவலர் கிடங்கிலிருந்து தானியம் எடுத்து வந்து பகிர்ந்தளித்தார். தம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு போர்வை வாங்கினார். அதைத் தாம் போர்த்திக்கொள்ளவில்லை. வெட்டித் தோழர்களுக்குக் காலுறை செய்தார். புனித மார்ட்டினின் போர்வை மீண்டும் ஒருமுறை வெட்டப்பட்டது அல்லவா!

செபம் செய்யத் தடை இருந்தும், இருளில் குடிசை குடிசையாகச் சென்று செபித்தார். கத்தோலிக்கர், பிற சபையார், யூதர் என்ற வேற்றுமை அவரிடம் இல்லை. 1951 மார்ச் 25, உயிர்ப்புத் திருநாள் காலையில், எரிந்து பாழான ஆலயத்தின் அருகே வழிபாடு நடத்தினார். அதன்பின் காலில் இரத்தம் உறைந்து, நிமோனியாவும் கண்டது. தோழர்கள் தடுத்தும், கைதிகள் மரணவீடு என்றழைத்த இடத்திற்குக் காவலரின் கட்டளையால் அவர் கொண்டு செல்லப்பட்டார். அந்நிலையிலும் காவலர்களை ஆசீர்வதித்தார். மே 23ஆம் நாள், 35ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அவரை நேரில் கண்டிராத யூத வீரர் ஒருவர், உயிர்தப்பியோர் சொன்னதைக் கேட்டு மரத்தில் ஒரு பாடுபட்ட சுரூபம் செதுக்கினார். 1953இல் விடுதலையான கைதிகள் அதைச் சுமந்துகொண்டே வெளிவந்தனர். 2013இல் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. முதியவரான மில்லரும் அவ்விழாவில் இருந்தார். பெயர் தெரியாதோர் கல்லறையிலிருந்து எடுத்த அவரது உடலின் எச்சங்கள் 2021இல் அடையாளம் காணப்பட்டு, விச்சிட்டா பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2025இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அன்புத் தோழியரே! அடிகளார் யாரையும் வீழ்த்தவில்லை. எந்த நகரையும் பிடிக்கவில்லை. தண்ணீர் காய்ச்சினார், துணி துவைத்தார், துணி வெட்டிக் காலுறை செய்தார். நம் அன்னையர் அன்றாடம் செய்யும் வேலைகளே இவை. இவற்றை அற்பம் என்போர் உண்டு. அந்த அற்பப் பணிகளைச் செய்தவருக்கே ஒரு நாடு தன் உயரிய வீரப் பதக்கத்தை அளித்திருக்கிறது. விலகிச் செல்ல வழியிருந்தும் துன்புறுவோருடன் தங்குவதே வீரம் என்பதை நாம் உணர்வோம். நோயுற்ற ஒருவருக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுப்பதிலிருந்து அவ்வீரத்தைத் தொடங்குவோமாக!