கிட்டாருக்குக் குரலளித்த சார்லி கிறிஸ்டியன்

அமெரிக்க நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஜாஸ் இசைக்கென மாணவர் குழுக்கள் உண்டு. எக்காளங்களும் சாக்ஸபோன்களும் வரிசையாக முழங்க, பியானோவிற்கும் முரசுகளுக்கும் அருகே கிட்டார் ஏந்திய மாணாக்கன் ஒருவன் அமர்ந்திருப்பான். அவனுக்குக் கடமை இரண்டு. குழு முழுதும் ஒலிக்குங்கால் நான்கு அடித் தாளத்திற்கு இயைய நரம்புகளை மெல்லத் தட்டி, தன் ஒலி தனியே தோன்றாவண்ணம் அடிப்படையாக நிற்றல் ஒன்று. தன் முறை வருங்கால் தனித்தெழுந்து, கற்பனை இசையைப் பொழிதல் மற்றொன்று. முன்னதற்கு, கவுண்ட் பேசியின் குழுவில் 1937-இல் சேர்ந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வாசித்த ஃபிரெடி கிரீன் என்பார் வழிகாட்டி. பின்னதனை நிலைநாட்டியவர் யாம் ஈண்டு வரையப் புகும் சார்லி கிறிஸ்டியன். தாம் பயின்ற பள்ளியின் இசைக்குழுவில் அவர் விரும்பிய இடம் அவருக்குக் கிட்டவில்லை என்பது நினைத்தற்குரியது.

அவர் டெக்ஸஸ் மாகாணத்துப் பானம் என்னும் ஊரில் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் பிறந்தார். அவர் சிறு குழவியாயிருக்கையிலேயே குடும்பத்தார் ஓக்லஹோமா நகரத்திற் குடியேறினர். தந்தையார் கண்ணொளி இழந்தவர்; மைந்தரை உடன் அழைத்துக்கொண்டு வெள்ளையர் வாழும் வீதிகளிற் பாடியும் வாசித்தும் பொருளீட்டி வந்தார். இளையவராகிய சார்லி தொடக்கத்தில் நடனமாடினார். பின்னர்க் கிட்டார் பயின்றார். பன்னிரண்டாம் அகவையில் தந்தையை இழந்தார். தந்தையின் வாத்தியங்களே அவருக்கு எஞ்சிய செல்வம்.

கறுப்பின மக்களின் பிள்ளைகள் பயின்ற டக்ளஸ் பள்ளியில் ஸீலியா புரோ என்னும் அம்மையார் இசையாசிரியையாக விளங்கினார். சார்லி அவர்தம் குழுவில் சாக்ஸபோன் வாசிக்க அவாவினார். அம்மையாரோ எக்காளத்தைப் பயிலுமாறு வற்புறுத்தினார். எக்காளம் ஊதின் உதடு சிதையும் என்று அஞ்சிய இளைஞர் குழுவை விட்டு நீங்கிப் பேஸ்பால் ஆட்டத்தில் மனத்தைச் செலுத்தினார். அம்மையாரைக் குறைகூற எமக்கு மனம் ஒருப்படவில்லை. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு இசைக்கண் திறந்தவர் அவர். ஜாஸ் வல்லோர் பலர் வந்து வாசித்த ஆல்ட்ரிட்ஜ் அரங்கின் உரிமையிலும் அவருக்குப் பங்கு உண்டு. எனினும் குழுவின் தேவையும் மாணவன் உள்ளமும் எப்பொழுதும் ஒன்றுவதில்லையே! பின்னாளில் நாவலாசிரியராகப் புகழெய்திய ரால்ஃப் எல்லிசன் அப்பள்ளியிற் பயின்றவர். சுருட்டுப் பெட்டிகளைக் கொண்டு கைத்தொழில் வகுப்பில் சார்லி கிட்டார் செய்து வாசித்ததனை அவர் 1958-இல் ஒரு கட்டுரையிற் குறித்துள்ளார்.

அக்காலத்துக் கிட்டாருக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. அதன் ஒலி சிறிது. பத்துப் பன்னிரண்டு குழல்கள் முழங்குமிடத்தில், நம் கச்சேரியில் தம்புராவைப்போல, அது உள்ளது என்பது மட்டுமே உணரப்படும். 1936-இல் கிப்ஸன் கம்பெனியார் இ.எஸ். 150 என்னும் மின்கிட்டாரை வெளியிட்டனர். எஃகு நரம்புகளின் அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் அமைந்திருக்கும். நரம்பு அதிருங்கால் காந்தப் புலம் அசைந்து, சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழும். அதனைப் பெருக்கி ஒலிபெருக்கியிற் செலுத்துவர். இக்கருவியைக் கைக்கொண்ட சார்லி அதனை உரக்க வாசிப்பதோடு அமையவில்லை. நரம்புகளைக் கூட்டாகத் தட்டுவதனை ஒருபுறம் வைத்து, ஒவ்வொரு சுரமாக நீண்ட தொடர்களைத் தொடுத்தார். அவற்றிற் சாக்ஸபோன் மேதையாகிய லெஸ்டர் யங்கின் சாயல் தெளிவாகக் கேட்கும். பள்ளியிற் கிட்டாத சாக்ஸபோனை அவர் நரம்புகளிலே கண்டெடுத்தார் என்றே யாம் கருதுகின்றோம்.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இசைத்தட்டுத் துறையினரான ஜான் ஹேமண்ட் அவரைக் கலிஃபோர்னியாவிற்கு வருவித்துப் பெனி குட்மனிடம் அறிமுகம் செய்தார். குட்மன் அவரை விரும்பி வரவேற்றிலர். இரவு உணவு விடுதியொன்றில் அவர் அறியாமலே ஹேமண்ட் சார்லியை மேடையேற்றி வைத்தார். சினங்கொண்ட குட்மன், புதியவர் அறியார் என்றெண்ணி, 'ரோஸ் ரூம்' என்னும் மெட்டைத் தொடங்கினார். சார்லி அதனை நன்கறிந்தவர். ஒருவர்பின் ஒருவராகக் கற்பனையை வளர்க்க, அம்மெட்டு முக்கால் மணி நேர அளவும் நீண்டது என்பர். இரவொன்றுக்கு இரண்டரை டாலர் பெற்றுவந்தவர் வாரத்திற்கு 150 டாலர் பெறலானார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் அமர்தல் அரிதாயிருந்த அந்நாளில், குட்மனுடைய அறுவர் குழுவில் அவர் ஓர் உறுப்பினராயினார். 1941 மார்ச்சு மாதத்தில் பதிவுசெய்யப்பெற்ற 'சோலோ ஃபிளைட்' என்னும் உருப்படியிலோ பெருங்குழு முழுதும் பின்னின்று துணைசெய்யக் கிட்டாரே தலைமை தாங்கியது.

வேலை முடிந்த பின்னும் அவர் ஓய்ந்திலர். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலுள்ள மின்டன் விடுதிக்குச் சென்று, தெலோனியஸ் மங்க், கெனி கிளார்க் முதலியோருடன் நள்ளிரவு கடந்தும் வாசிப்பார். ஆர்வலர் ஒருவர் 1941-இல் அங்கே எடுத்த பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. கால அளவுக்கு அடங்கிய இசைத்தட்டுகளைவிட இவற்றையே யாம் மேலாக மதிப்போம். நேரம் எவ்வளவு என்று கேட்போர் எவருமின்றி அவர் வாசித்தது இங்கேதான்.

உடலோ முன்னரே காசநோய்க்கு இரையாகியிருந்தது. 1941 ஜூன் மாதத்தில் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீவியூ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். 1942 மார்ச்சு 2-ஆம் நாள், இருபத்தைந்தாம் அகவையில், அங்கே உயிர்நீத்தார். அந்நோயை வெல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது அதற்கடுத்த ஆண்டிலே. அவர் உடலைப் பிறந்த ஊராகிய பானத்திற்குக் கொண்டுசென்று அடக்கம் செய்தனர்.