நீதிபதி சுப்பாராவ் போட்ட வேலி

இன்ஜினியருக்குச் சட்டம் எதுக்கு என்று நம்ம ஹாஸ்டல் நண்பர்கள் கேட்கலாம். எனக்குப் பிடித்த கதை, சொல்கிறேன்.

கோகா சுப்பாராவ் 1902-ல் பிறந்தவர். 1948-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி, 1966-ல் இந்தியத் தலைமை நீதிபதி. 1967 பிப்ரவரியில் கோலக்நாத் வழக்கு. அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கே அதிகாரமில்லை என்று 6-5 கணக்கில் தீர்ப்பானது. பழைய நிலச்சீர்திருத்தத் திருத்தங்களைத் தொடவில்லை, தடை இனிமேலுக்குத்தான். ஓடற மிஷினை நிறுத்தாமல் ரிப்பேர் பார்த்த சாமர்த்தியம்!

ஏப்ரலில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் ஜனாதிபதி வேட்பாளராக நின்று ஜாகிர் உசேனிடம் தோற்றார். நீதிபதிக்கு அது அழகில்லை என்பது என் கட்சி.

1973-ல் கேசவானந்த பாரதி தீர்ப்பு அவர் வேலியைப் பிரித்தது. எந்த உரிமையையும் திருத்தலாம், ஆனால் அஸ்திவாரத்தில் கைவைக்கக்கூடாது என்றது. 1976-ல், எமர்ஜென்சி நாளில், சுப்பாராவ் மறைந்தார். வேலி இடம் மாறிச்சே தவிர, வேலியே வேண்டாம்னு கோர்ட் சொல்லலை.