மேசைத் துணிக்கைகளில் பாடம் படித்த மரியா மொண்டிசோரி அம்மையார்



பேராதனைச் சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கண்டிப் பக்கமாகவோ கம்பளைப் பக்கமாகவோ சிறிது தூரம் நடந்து பாருங்கள். மொண்டிசோரி என்று எழுதிய பெயர்ப்பலகை ஒன்றையாவது காணாமல் திரும்ப மாட்டீர்கள். மூன்று வயதுப் பிள்ளை மொண்டிசோரிக்குப் போகிறது என்கிறோம். அங்கே படிப்பிப்பவரை மொண்டிசோரி ரீச்சர் என்கிறோம். அது ஒரு பெண்மணியின் பெயர் என்பதே நம்மிற் பலருக்கு மறந்து போயிற்று.

அந்தப் பெண்மணி தமது ஆசிரியப் பணியை எங்கே தொடங்கினார் தெரியுமா? வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் அணிந்த கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் அல்ல. உரோமாபுரியின் மனநோய் விடுதிகளில், பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்த பிள்ளைகளிடமே தொடங்கினார். இவ்வரலாற்றை இன்று உமக்குச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையின் வாங்கில், தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்தபடி காத்திருக்கும் தாய்மாரை நீரும் கண்டிருப்பீர். வலிப்பு, மனச்சோர்வு, வளர்ச்சிக் குறைபாடு என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோயின் பெயர் உண்டு. மருந்து கிடைக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளையின் படிப்பு என்ன ஆகும் என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் இல்லை.

மரியா மொண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கியாரவால்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகத்தர். தாய் ரெனில்டே நன்கு வாசித்த பெண்மணி. மகள் ஆசிரியையாக வரவேண்டும் என்று தந்தை விரும்பினார். மகளோ வைத்தியம் படிக்கப் போவேன் என்றார். அக்காலத்து இத்தாலியில் பெண் ஒருத்தி அவ்வாறு கேட்பதே நூதனமாய் இருந்தது. ஆண் மாணவர் மத்தியில் பெண் ஒருத்தி உடலை அறுத்துப் பார்ப்பது தகாது என்று, மற்றவர் போன பின்னர் மாலை வேளையில் தனியே பிரேத அறையில் நின்று படித்தார். 1896ஆம் ஆண்டு உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகளுள் இவரும் ஒருவர்.

அடுத்த ஆண்டு பல்கலைக்கழக மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் உதவி வைத்தியராகச் சேர்ந்தார். அந்த வேலையின் பொருட்டு நகரத்து மனநோய் விடுதிகளுக்குப் போய்வர வேண்டியிருந்தது. அங்கே கண்ட ஒரு காட்சியை அவரது வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் சிலர் ஒரு வெறும் அறையில் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நிலத்தில் விழுந்து, அப்பத் துணிக்கைகளைப் பொறுக்குவார்கள். பார்த்துக் கொள்ளும் பெண்ணுக்கு அது அருவருப்பாய் இருந்தது. பிள்ளைகளின் பேராசை என்று முறையிட்டாள். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாட ஒரு பொருள் இல்லை. கையிலெடுக்க ஒரு தடி, ஒரு கல் இல்லை. வயிற்றுப் பசியால் அல்ல, கைகளின் பசியாலேயே அப்பிள்ளைகள் துணிக்கைகளைப் பொறுக்குகிறார்கள் என்று கண்டுகொண்டார்.

வாசகரே, நற்செய்தியில் கானானியப் பெண் ஒருத்தி வருகிறாள். அவளுடைய மகளும் நோயாளிதான். மேசையிலிருந்து விழும் துணிக்கைகளாவது எங்களுக்குக் கிடைக்கட்டும் என்று ஆண்டவரிடம் மன்றாடிய தாய் அவள். அந்தத் தாயின் மன்றாட்டை ஞாயிறு தோறும் பிரசங்கத்தில் கேட்கிறவர்கள் பலர். துணிக்கை பொறுக்கும் பிள்ளையைக் கண்ணெதிரே கண்டு, இதற்கு நான் என்ன செய்யலாம் என்று கேட்டவர்கள் சிலரே. மரியா அந்தச் சிலருள் ஒருவர்.

அவர் நூல்களைத் தேடினார். தமக்கு முன்னே பிரான்சு தேசத்தில் இரு வைத்தியர்கள் இவ்வழியில் நடந்திருப்பதை அறிந்தார். ஒருவர் இட்டார். காட்டிலே தனித்து வளர்ந்து, பேச்சறியாதிருந்த ஒரு சிறுவனைப் பல ஆண்டுகள் பயிற்றியவர். மற்றவர் அவருடைய மாணவர் செகென். கை, கண், காது ஆகிய புலன்களைப் படிப்படியாகப் பழக்கி, அதன் வழியாய் அறிவை எழுப்பலாம் என்று காட்டியவர். இவ்விருவரின் நூல்களையும் மரியா தமது கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதி முடித்தார். ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் மடங்களில் இருந்து ஏடுகளைப் படியெடுத்ததை இது நினைவூட்டுகிறது. அச்சபையின் சில்வெஸ்திரியர் கண்டியில் ஆற்றிய தொண்டை நாம் அறிவோம் அல்லவா? எழுதும்போது ஒவ்வொரு சொல்லின் கருத்தையும் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மரியா அப்படிச் செய்தார்.

1898ஆம் ஆண்டு தூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டில் அவர் எழுந்து பேசினார். இப்பிள்ளைகளின் குறை வைத்தியர் மட்டும் தீர்க்கக்கூடியது அன்று. அது முக்கியமாகக் கல்வியைச் சார்ந்தது என்பதே அவர் வாதம். ஆசிரியர்கள் திகைத்தார்கள். அதுவரை அப்பிள்ளைகள் தங்கள் பொறுப்பு என்று அவர்கள் எண்ணியதே இல்லை.

1900ஆம் ஆண்டில் உரோமையில் அப்பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கு ஒரு கலாசாலை திறக்கப்பட்டது. டாக்டர் மொந்தெசானோ என்பவரோடு மரியாவும் அதன் இயக்குநரானார். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை தாமே பிள்ளைகளோடு இருந்து கற்பித்தார். இரவிலே அன்று கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

அவர் கற்பித்த விதத்திற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் வரவில்லை. கையிலே பலம் உண்டு. ஆனால் ஊசியை மேலும் கீழும் கோத்து எடுக்கத் தெரியவில்லை. எத்தனை முறை காட்டியும் பயன் இல்லை. மரியா ஊசியை அப்பால் வைத்துவிட்டு, கடதாசிக் கீலங்களைப் பாய் பின்னுவது போல் ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாகப் பின்னக் கொடுத்தார். சிறுமி அதில் விருப்பங் கொண்டாள். அது நன்றாய்ப் பழகிய பின் ஊசியைக் கொடுத்தபோது, சொல்லிக் கொடுக்காமலே தைத்தாள். பிள்ளையால் முடியவில்லை என்றால், அதற்கு முந்திய படியை நாம் காட்டவில்லை என்று பொருள். இதுவே மரியா கண்ட உண்மை.

நிறத்தைக் கற்பிப்பதிலும் அவ்வாறே. செகென் காட்டிய மூன்று படிகளைக் கையாண்டார். முதலில், இது சிவப்பு என்று சொல்லுதல். பின்னர், சிவப்பைக் காட்டு என்று கேட்டல். கடைசியிலேயே, இது என்ன என்று வினவுதல். நாமோ முதல் நாளே மூன்றாவது கேள்வியைக் கேட்டு, விடை வராவிட்டால் பிள்ளையை மக்கு என்கிறோம்.

அந்தப் பிள்ளைகளுள் சிலர் எழுதவும் வாசிக்கவும் கற்று, சாதாரண பாடசாலைப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியெய்தினர். உரோமை வியந்தது. மரியாவோ வேறொன்றை எண்ணிக் கலங்கினார். நோயுற்ற பிள்ளைகள் இவ்வளவு முன்னேறினார்கள் என்றால், நலமுள்ள பிள்ளைகளை நமது பாடசாலைகள் எவ்வளவு தாழ்வாய் வைத்திருக்கின்றன என்பதே அவரை வருத்திய எண்ணம்.

இவ்விடத்தில் ஒரு துயரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரியாவுக்கும் டாக்டர் மொந்தெசானோவுக்கும் 1898இல் ஓர் ஆண் பிள்ளை பிறந்தது. திருமணம் நடைபெறவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி, பிள்ளையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். பின்னர் மொந்தெசானோ வேறொருவரை மணந்தார். 1901இல் மரியா அக்கலாசாலையை விட்டு விலகினார். பிறர் பிள்ளைகளுக்குப் பகல் முழுதும் கொடுத்த அத்தாய், தம் பிள்ளையை இடையிடையே போய்ப் பார்த்து வந்தார். மாரியோ என்னும் அம்மகன் பதினைந்து வயதளவில்தான் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பின்னும் நெடுங்காலம் உலகத்துக்கு அவன் மகன் என்று சொல்லப்படவில்லை. அவரைத் தீர்ப்பிட நாம் யார்? ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையை மறைத்து வைப்பது எவ்வளவு பாரம் என்பதை அவர் தம் உயிரிலே அறிந்திருந்தார். அதை மட்டும் மனத்தில் வைப்போம்.

1907ஆம் ஆண்டு, மூவிராசாக்கள் திருநாளாகிய ஜனவரி 6ஆம் திகதி, உரோமையின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் பிள்ளைகள் இல்லம் திறக்கப்பட்டது. பகலில் பெற்றோர் வேலைக்குப் போக, படிக்கட்டுகளில் அலைந்து திரிந்த கூலியாளரின் பிள்ளைகளே அங்கு சேர்க்கப்பட்டனர். நோயுற்ற பிள்ளைகளுக்கென்று செய்த மரத்துண்டுகளையும் எழுத்துகளையுமே அவர்களுக்கும் கொடுத்தார். சிறிய கதிரை, சிறிய மேசை, கைக்கெட்டும் தட்டு என யாவும் பிள்ளையின் அளவுக்கு அமைந்தன. அங்கிருந்துதான் அவர் பெயர் உலகமெங்கும் பரவியது. பார்சலோனாவில் சிறுவர்க்குத் திருவழிபாட்டைக் கையால் தொட்டுப் பழக்கும் முறையையும் அவர் ஏற்படுத்தினார். முசோலினியின் அரசு தொடக்கத்தில் அவருக்கு ஆதரவளித்தது. அவரும் அதை ஏற்றார். அவ்வுறவு நிலைக்கவில்லை. பின்னர் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன.

1939இல், தமது 69ஆம் வயதில், மகன் மாரியோவோடு சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையார் அழைத்திருந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, பிரித்தானிய அரசு மாரியோவைப் பகைநாட்டவரென்று தடுப்பு முகாமில் வைத்தது. அம்மையாரின் 70ஆம் பிறந்தநாளை முன்னிட்டே அவர் விடுவிக்கப்பட்டார். கோடைக்கானல் மலையில் இருவரும் சில ஆண்டுகள் தங்கினார்கள். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்தார். அதே ஆண்டில்தான் மவுண்ட்பேட்டன் பிரபு பேராதனைப் பூங்காவைத் தமது போர்த் தலைமையகமாக்கியிருந்தார். ஒரே தீவில் ஒருவர் போரை நடத்த, மற்றவர் சமாதானத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தார்.

முதிர்ந்த வயதில் அம்மையார் பதின்ம வயதினரைப் பற்றியும் எழுதினார். பலர் கவனியாதது இது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையான பருவம், குழந்தைப் பருவத்தைப் போலவே மென்மையானது என்பது அவர் கருத்து. அப்போது உடல் எளிதில் நோயுறும், மனம் தயக்கத்தாலும் அழுகையாலும் அலைக்கழியும், படிப்பு மந்தமாகும். அந்நேரத்தில் பரீட்சையைக் கொண்டு நெருக்குவது தகாது. நாட்டுப்புறத்தில், மண்ணோடு உழைத்து, விளைந்ததை விற்று, தன் கையால் ஒன்றைச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையைப் பிள்ளை பெற வேண்டும் என்றார். 1946இல் ஐரோப்பா திரும்பிய அவர், 1952 மே 6ஆம் திகதி ஒல்லாந்தில் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் காலமானார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வாசகரே, இனி நம் பக்கம் திரும்புவோம். எந்தப் பிள்ளைகளிடமிருந்து அம்முறை பிறந்ததோ, அந்தப் பிள்ளைகளுக்கே அவர் பெயர் தாங்கிய வாசல்கள் சில அடைபடுகின்றன. வேறு பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார், கோயில் முகப்பில் நின்று அழுததை நான் கண்டிருக்கிறேன். பதின்ம வயதில் நிலைமை இன்னும் கடினம். வகுப்பில் ஒருமுறை வலிப்பு வந்தால் மறுநாள் வெட்கம். மூன்று மாதம் வைத்தியசாலையில் இருந்தால் சாதாரண தரப் பரீட்சை தவறிப்போகிறது. அதன்பின் பிள்ளை வீட்டின் பின்னறைக்குள் போய்விடுகிறது. இந்நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். நோயாளிப் பிள்ளை நீங்கலாக என்று சட்டத்தில் எழுதப்படவில்லை.

பெற்றோருக்கு ஒரு சொல். வஹகோட்டை அந்தோனியாருக்கும் மடு மாதாவுக்கும் நேர்ச்சை வையுங்கள்; மறுக்கவில்லை. ஆனால் நேர்ச்சை வைத்ததற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். மனநோயைப் பேய் என்று சொல்லிப் பிள்ளையை ஊர் ஊராய்க் கொண்டு திரியாதீர்கள். வைத்தியரிடம் நோயைப் பற்றிக் கேட்கும்போதே படிப்பைப் பற்றியும் கேளுங்கள். அவர் தரும் கடிதத்தோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், விசேட கல்வி அலகு உள்ள பாடசாலை எதுவென்று விசாரியுங்கள். பிள்ளையை ஒளிக்காதீர்கள்.

ஆசிரியருக்கு ஒரு சொல். முடியாது என்று எழுதுமுன், முந்திய படியைக் காட்டினேனா என்று ஒருமுறை உம்மையே கேளும்.

பங்கு மக்களுக்கும் ஒரு சொல். ஞாயிறு திருப்பலியில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பி முறைக்க வேண்டாம். சற்று நகர்ந்து, தாய்க்கு அருகே இடம் கொடுங்கள். வாரத்தில் ஒரு மாலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அறைவீட்டு விறாந்தையில் இருந்து, பாடசாலை தவறிய இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதுவே ஒரு தொடக்கம்.

ஐந்து அப்பத்தால் திரளான மக்களைப் போஷித்த பின், மீந்த துண்டுகளில் ஒன்றும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்னவர் நம் ஆண்டவர். துண்டு அப்பத்தைப் பற்றியே அவ்வளவு கவலை கொண்டவர், பின்னறையில் முடங்கிய பிள்ளையைப் பற்றி நம்மிடம் கேளாமல் விடுவாரா? அவர் கேட்கும் நாளுக்கு முன், நாம் அந்த அறைக் கதவைத் திறப்போமாக.